ஜப்பான் கோட்டையில் அப்பா சொன்ன பொய்

“ஏன் பிள்ளை… பள்ளிக்கூடத்தில உன்னை வேற ஒண்டுக்கும் எடுக்கேல்லையோ?”

வில் நகரத்தில் இருக்கும் என் பெரியம்மா ஒரு பிறந்தநாள் விழாவில் கேட்ட கேள்வி இது. பல வருடம் ஆகிறது. கையில் கேக் தட்டு, முகத்தில் உண்மையான கவலை. நான் தச்சுத் தொழில் பழகப் போகிறேன் என்று அப்போதுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் நக்கலாகக் கேட்கவில்லை – அதுதான் விஷயம். யாரோ ஒரு ஆசிரியர் என்னை ஏமாற்றித் தள்ளிவிட்டார் என்று நினைத்துவிட்டார்.

“எடுத்தவை பெரியம்மா. நான்தான் இதை எடுத்தனான்.”

“சும்மா சொல்லாதை,” என்றார். என் தட்டில் இன்னொரு கேக் துண்டு வைத்தார். ஆறுதலுக்கு.

இரண்டு வருடமாக என் வாராந்தப் பத்தியை வாசிக்கிறவர்கள் இப்போது நிமிர்ந்து உட்காருவீர்கள். தச்சுத் தொழிலா? இவள் ‘கட்டடத் துறையில் வேலை’ என்றுதானே எழுதிக்கொண்டிருந்தாள்? ஆமாம், அப்படித்தான் எழுதினேன். அதற்கு வருகிறேன். முதலில் போன வசந்தத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்து, அதற்கு மேலும் படித்து, ஒரு சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துச் சுவரில் மாட்டிய முதல் ஆள் நான். அப்பாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அம்மாவினுடையது ஏழோடு. இரண்டு பேருடைய பள்ளிக்கூடங்களிலும் அகதிகள் வந்து தங்கினார்கள். பிறகு இவர்களே அகதிகளானார்கள். நான் இங்கே பீல் நகரத்தில் பிறந்தேன். நாலு வருடம் தொழில் பழகினேன் – கிழமையில் ஒரு நாள் வகுப்பு, மிச்ச நாட்களில் வேலைத்தளம். கடைசிப் பரீட்சையில் வகுப்பில் இரண்டாவது. முதலாவதாக வந்தவனின் அப்பாவுக்குச் சொந்தமாக மரம் அரியும் ஆலை இருக்கிறது. அதையும் கணக்கில் எடுங்கள்.

இப்போது சோலோதுர்னுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டட நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கூரைகள், களஞ்சியங்கள், பழைய பண்ணை வீடுகள். காலை ஆறு மணிக்குக் கூரையில் நிற்கிறவர்களைப் பஸ்ஸில் போகும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் கட்டையாக ஒருத்தி நின்றால் அது நானாக இருக்கலாம்.

யாராவது வீட்டுக்கு வந்தால் அப்பா அந்தச் சான்றிதழைக் காட்டாமல் விடமாட்டார். “மகள் ஆர்க்கிடெக்ட்,” என்பார். வந்தவர்கள் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து அந்த ஜெர்மனை வாசிப்பதற்குள் தேத்தண்ணி வந்துவிடும். அதோடு எல்லோரும் திரும்பிவிடுவார்கள்.

பொய் சும்மா இருக்குமா? அதற்கும் சாப்பாடு போட வேண்டுமே. எங்கள் கோயில் நிர்வாகத் தலைவர் யோகன் மாமா, வீடு வாங்கிய புதிதில், “உங்கட மோளை ஒரு பிளான் கீறித் தரச் சொல்லுங்கோவன்,” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா அசரவில்லை. “அவவுக்கு நேரமில்லை அண்ணை. சூரிச்சில பெரிய புரொஜெக்ட்.” அன்றைக்கு நான் ஒரு மாட்டுக் கொட்டிலின் கூரையில், கால்சட்டை முழுக்கச் சாணி வாசத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

கோபமா? இல்லை. எனக்கு அப்பாவிடம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் வேலையின் பெயரை நாலு பேருக்கு முன்னால் அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். ஆனால் அதைக் கேட்டு வாங்க நான் தயாராக இல்லை. கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது?

சரி, ஜப்பானுக்கு வருவோம்.

மரத்தில் கட்டிய பெரிய கட்டடங்களைப் பார்க்க வேண்டும் என்று நான் காசு சேர்த்தேன். தனியாகப் போவதாகத்தான் திட்டம். அம்மா ஒரே வரியில் மாற்றினார். “பெட்டை தனிய அவ்வளவு தூரம் போறதோ? இவரும் வரட்டும். லீவைச் சேர்த்துச் சேர்த்து வச்சு என்ன செய்யப் போறார்?” அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அவர் வரவில்லை. முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்யும் அப்பா, எனக்குக் காவலாக இரண்டு கிழமை லீவு எடுத்தார். முதல் நாளே டோக்கியோ ரயில் நிலையத்தில் ஒருவர் தொலைந்து போனார். அது நான் இல்லை.

நாலாவது நாள் கோட்டைக்குப் போனோம். டோக்கியோவிலிருந்து இரண்டு மணி நேர ரயில். சின்ன ஊர். சுற்றிவர அகழி, அகழியில் தடித்த மீன்கள், மேலே கருங்கல் அணை. அதற்கும் மேலே வெள்ளைச் சுவரும் கறுப்பு ஓடுமாக மூன்று அடுக்குக் கோபுரம். அந்தக் காலத்துப் பிரபுக்களின் கோட்டை.

முதலாவது வாசலிலேயே அப்பா சப்பாத்தைக் கழற்றிவிட்டார்.

பெரிய மரக்கதவு, மேலே ஓட்டுக்கூரை, உள்ளே மணல் முற்றம்… அவருடைய கால்கள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. நான் நுழைவுச்சீட்டு எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், சப்பாத்துகளைச் சுவரோரம் சோடியாக வைத்துவிட்டு, வெறும் காலுறையோடு சரளைக் கல்லில் நொண்டி நொண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

“அப்பா, இது கோயில் இல்லை!”

“தெரியும். எண்டாலும்…”

அந்த ‘எண்டாலும்’ முற்றத்தில் பாதித் தூரம்தான் தாக்குப்பிடித்தது. நான் திரும்பிப் போய்ச் சப்பாத்துகளை எடுத்து வந்தேன். அவர் போட்டுக்கொண்டார். ஐம்பது அடி தள்ளிக் கோபுர வாசலில் ஒரு அம்மையார் பிளாஸ்டிக் பையை நீட்டி, சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். அப்பா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை. ஆங்கிலத்திலும் இருந்தது, அப்பாவுக்காகச் சத்தமாக மொழிபெயர்த்தேன். பழைய கோபுரம் ஒரு நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது. கீழே உள்ள கல் அணை மட்டும்தான் பழையது. மேலே நிற்பது பழைய வரைபடங்களைப் பார்த்து, நம் காலத்தில், திரும்ப மரத்திலேயே கட்டியது.

“எங்கட காலத்திலயோ?” அப்பா விரல் விட்டு எண்ணினார். “அப்ப பீலில நாங்கள் இருக்கிற வீடு இதைவிடப் பழசு!”

“ஓம்.”

“பிளேன் ஏறி வந்து பொய்க் கோட்டை பாக்கிறம்.”

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் இடித்துக் கட்டிய கோயிலை யாராவது பொய்க் கோயில் என்கிறார்களா? குடமுழுக்கு முடிந்தால் அதே கோயில்தான். ஆனால் வாதாட நேரமில்லை. நான் ஏற்கனவே தலையை அண்ணாந்து உத்தரங்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

உள்ளே இருந்த மரத்தைப் பற்றி நான் ஒரு முழுப் பத்தி எழுதுவேன், பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். சுருக்கமாக: ஒரு தூணை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன், கைகள் சந்திக்கவில்லை. உத்தரங்கள் நேராக்கப்படாமல் மரம் வளர்ந்த வளைவோடேயே போடப்பட்டிருந்தன. எங்கள் நிறுவனத்தில் அப்படி ஒரு மரம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். இங்கே அதைத்தான் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

அப்பா இரண்டாவது மாடியில் ஒரு போர்க்கவசத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மீசை வைத்த இரும்பு முகமூடி, கொம்பு வைத்த தலைக்கவசம், உயரமான பீடம் – கும்பிடாமல் என்ன செய்வார்?

“ஆர் பிள்ளை இந்தச் சாமி?”

“சாமி இல்லை அப்பா. உடுப்பு.”

கூப்பிய கையை அப்படியே பிரித்துத் தலையைச் சொறிந்தார்.

மேல் மாடிக்கு ஏணி போன்ற படி. அங்கே ஒரு மேசை. மேசையில் கை நீளமான இரண்டு உத்தரத் துண்டுகள், ஒரு ஆப்பு, ஒரு மரச் சுத்தியல். பக்கத்தில் அரைக்கைச் சட்டை போட்ட ஒரு முதிய வழிகாட்டி. முன்பு ரயில்வேயில் வேலை செய்தவராம். இப்போது சம்பளமில்லாமல் வந்து நிற்கிறார். கையில் மொழிபெயர்க்கும் கருவி ஒன்று. அவர் ஜப்பானிய மொழியில் சொல்ல, அது எங்களுக்காக ஜெர்மனில் சொல்லும்.

அந்த இரண்டு துண்டுகளையும் ஆணியில்லாமல் ஒன்றாக்கிப் பூட்ட வேண்டும். இதுதான் விளையாட்டு. எங்களுக்கு முன்னால் ஒரு அமெரிக்கக் குடும்பம் முயன்று தோற்றது. அடுத்தது அப்பா. பலாப்பழம் பிளக்கிறவர் போலக் குந்தி, இரண்டையும் நேருக்கு நேர் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். எல்லோரும் செய்யும் பிழை அதுதான்.

“விடுங்கோ அப்பா.”

பக்கவாட்டில் வைத்துச் சறுக்கி உள்ளே விட வேண்டும். பிறகு மெல்ல இழுத்தால் முனைகளில் வெட்டிய கொக்கிகள் ஒன்றையொன்று பிடிக்கும். நடுவில் ஒரு சதுர இடைவெளி திறக்கும். அதற்குள் ஆப்பை விட்டு இரண்டு தட்டு. கிட்டத்தட்ட இதே பூட்டைத்தான் கடைசிப் பரீட்சைக்கு என்னை வெட்ட வைத்தார்கள். ஒரு முழு நாள், உளியும் மரம் அரியும் வாளுமாக. கண்ணை மூடினாலும் கைக்குத் தெரியும்.

டொக். டொக். முடிந்தது.

அமெரிக்கக் குடும்பம் கைதட்டியது. வழிகாட்டி குனிந்து, பூட்டு சேர்ந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு கருவியிடம் ஏதோ சொன்னார். அது ஜெர்மனில் கேட்டது: “உங்கள் மகளின் தொழில் என்ன?”

கேள்வி அப்பாவுக்கு. நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

யோசித்துப் பாருங்கள். பீலிலிருந்து பாதி உலகம் தள்ளி. எங்களைத் தெரிந்த ஒரு ஆள் கிடையாது. யோகன் மாமா இல்லை, பெரியம்மா இல்லை. உண்மையைச் சொல்ல இதைவிட மலிவான இடம் கிடைக்குமா?

அப்பா கருவிக்கு நெருக்கமாகக் குனிந்து, தெளிவான குரலில் சொன்னார்: “ஆர்க்கிடெக்ட்.”

வழிகாட்டியின் முகம் கொஞ்சம் குழம்பியது. நீளமாக ஏதோ சொன்னார். கருவி உணர்ச்சியே இல்லாத பெண் குரலில் சொல்லத் தொடங்கியது: “அது விசித்திரம். ஆர்க்கிடெக்டுகள் நிறையப் பேர் இங்கே வருகிறார்கள். எல்லோரும் இதைப் படம் எடுப்பார்கள். ஆர்க்கிடெக்டுகளால் இதைப் பூட்ட முடியாது. தயவுசெய்து உங்கள் கைகளைக் காட்ட முடியுமா?”

காட்டினேன். உள்ளங்கையில் காய்ப்பு. இடது பெருவிரல் நகம் இன்னும் பாதி கறுப்பு. சுட்டுவிரலில் முதல் வருடத்து உளி வைத்த கோடு.

அவர் ஒரே ஒரு சொல் சொன்னார். கருவி அதை மொழிபெயர்த்தது: தச்சன். ஆண்பாலில்தான் சொன்னது. பரவாயில்லை, எங்கள் வேலைத்தளத்தில் ஆடை மாற்றும் அறையின் கதவிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

“ஆம்,” என்றேன்.

வழிகாட்டி இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அப்பா மரச் சலாகை யன்னலுக்கு வெளியே எதையோ மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒன்றும் இல்லை. ஒரு கார் நிறுத்துமிடம்.

இறங்கத் தொடங்கினோம். காலுறையில் படி வழுக்கும். அப்பா விழுந்தால் பிடிக்கலாம் என்று நான் முன்னால், பின்பக்கமாக இறங்கினேன். அவருடைய குதிகால்தான் எனக்குத் தெரிந்தது.

அகழிக்கரையில் ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். கடையில் வாங்கிய முக்கோணச் சோற்றுக் கட்டியை அப்பா பிரித்து, உள்ளே இருப்பது மீனா என்று மணந்து பார்த்து, பாதியை எனக்குத் தந்தார். பிறகு கேட்டார்:

“உண்மையாவே ஆர்க்கிடெக்ட்மாருக்கு அது தெரியாதோ?”

“தெரியாது. அவை கீறுவினம். நாங்கள் செய்வம்.”

“நீங்கள் செய்யாட்டி?”

“கடதாசியில நிக்கும்.”

மென்றுகொண்டே யோசித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“நான் வெக்கப்பட்டுப் பொய் சொல்லேல்லை, பிள்ளை.”

“அப்ப?”

“ஊரில இந்த வேலைக்கு ஒரு மாதிரிக் கதைப்பினம், அது ஒண்டு. அதை விடு. தச்சு வேலை எண்டால் படிப்பு ஏறாததுகள் எண்டு சனம் நினைக்கும். நான் படிக்கேல்லை. கொம்மாவும் படிக்கேல்லை. நீயும் படிக்கேல்லை எண்டு ஒருத்தரும் நினைக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

“நாலு வருசம் படிச்சனான் அப்பா.”

“எனக்குத் தெரியும்.”

“அவைக்கு?”

மீன் ஒன்று வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தது. அப்பா அதற்கு இரண்டு பருக்கை போட்டார். ‘உணவு போடாதீர்கள்’ என்ற பலகைக்கு நேர் கீழே.

அவரை மட்டும் குறை சொல்லிக்கொண்டு நான் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் இந்தப் பத்தி நினைவுக்கு வந்தது. இரண்டு வருடமாக, கிழமைக்கு ஒன்று. ‘கட்டடத் துறை’, ‘எங்கள் அலுவலகம்’, ‘ஒரு புரொஜெக்ட்’… அலுவலகமா? எனக்கு மேசையே கிடையாது! மெத்தப் படித்தவள் எழுதுவது என்று நீங்கள் நினைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். அப்பா நாலு பேரிடம் சொன்னார். நான் எல்லோரிடமும் சொன்னேன். யாருடையது பெரிய பொய்?

அந்தக் கோட்டை இந்த விஷயத்தில் எங்கள் இரண்டு பேரையும் விடத் திறம். ‘நான் பழையது இல்லை’ என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறது. யாரும் அதற்காக நுழைவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு பொருளின் பெருமைக்கு வயதைக் கூட்டவேண்டிய தேவை இல்லை. ஒரு ஆளின் பெருமைக்குப் பட்டத்தைக் கூட்டவேண்டிய தேவையும் இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் பாருங்கள், நமக்கு அது புரியக் காலம் நிறைய எடுக்கிறது.

வெளியே வரும்போது அப்பா அந்த அறிவிப்புப் பலகைக்கு முன்னால் திரும்பவும் நின்றார். அடியில் கட்டியவர்களின் பெயர்கள் ஜப்பான் எழுத்தில் வரிசையாக இருந்தன. கைபேசியால் மொழிபெயர்த்துக் காட்டினேன். தலைமைத் தச்சரின் பெயர் முதலில். அப்பா அதைப் படம் எடுத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பீலுக்குத் திரும்பி ஐந்து கிழமை. ஒன்றும் மாறவில்லை. அப்பா சமையலறையில் மரக்கறி வெட்டினார், நான் கூரை ஏறினேன்.

பிறகு கோயில் நிர்வாகக் கூட்டம் வந்தது. எங்கள் கோயில் பழைய தொழிற்சாலை மண்டபம் ஒன்றில் இருக்கிறது. தேரை நிறுத்த இடமில்லை. முற்றத்தில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. இரண்டு குளிர்காலம் நனைந்து, கீழே உருளும் மரச் சில்லு ஒன்று வெடிக்கத் தொடங்கிவிட்டது. கொட்டில் போட வேண்டும், யார் போடுவது என்பதுதான் அன்றைய பேச்சு. கூட்டக் குறிப்பு எழுதுவது நான் – படித்த பிள்ளை என்று அந்த வேலை என் தலையில். அப்பா வழக்கம்போலப் பின்னால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை.

“கொம்பனிக்குத்தான் குடுக்கோணும்,” என்றார் யோகன் மாமா. “எங்களுக்குள்ள ஆருக்கு இந்த வேலை தெரியும்?”

“என்ர மோளுக்குத் தெரியும்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். அப்பாவின் கையில் இன்னும் தேத்தண்ணிக் கேத்தல்.

“பிளான் கீறினால் போதாதெல்லோ,” என்றார் யோகன் மாமா. “செய்யிறதுக்கு ஆள் வேணும்.”

“அவ ஆர்க்கிடெக்ட் இல்லை அண்ணை. தச்சு வேலை. நாலு வருசம் படிச்சு, பாஸ் பண்ணி, அதைத்தான் செய்யிறா. மற்றது நான் சொன்ன பொய்.”

யாரோ இருமினார்கள். யோகன் மாமா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

“அப்ப அந்தச் சூரிச் புரொஜெக்ட்?”

“மாட்டுக் கொட்டில்,” என்றேன்.

முதலில் சிரித்தது அவருடைய மனைவிதான். பிறகு மண்டபமே சிரித்தது. எல்லாச் சிரிப்பும் ஒரே வகை இல்லை. முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன். அப்பாவும் கண்டார். கேத்தலைக் கீழே வைக்கவில்லை, உட்காரவும் இல்லை. “ஆருக்கு இன்னும் தேத்தண்ணி?” என்று கேட்டார்.

அவர் சொன்னதைக் கூட்டக் குறிப்பில் சொல்லுக்குச் சொல் எழுதினேன். எழுத்து அழகாக வரவில்லை.

கொட்டிலுக்கான வரைபடத்தை என் முதலாளி பார்த்துத் திருத்தி ஒப்புக்கொண்டுவிட்டார். விண்ணப்பம் ஊர்ச் சபையிடம் இருக்கிறது. செய்பவர் என்ற கட்டத்தில் என் பெயர், பக்கத்தில் என் தொழில். இந்த நாட்டில் ஒன்றைக் கட்ட முன்னர், அது எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் வரும் என்று கம்பம் நட்டு ஊருக்கே காட்டி, ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டும். போன சனிக்கிழமை கோயில் முற்றத்தில் நாலு கம்பங்களையும் நானே நட்டேன்.

ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்தில் கொடுக்கலாம்.